நெல்லுச்சோறும் பேலியோவும்: எங்க பக்கத்துச் சாப்பாட்டு வரலாறு

பேலியோ என்கிற பேச்சு எங்க ஐயம்பேட்டைக்கும் வந்து சேர்ந்து சில வருஷம் ஆகுது. பட்டு நெய்கிற தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவே "மாவுச்சத்து எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு" என்று பேசிக்கொள்கிறார்கள். டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ கேட்பவர்தான் இப்போது அதிகம். நகரத்தில் இருக்கும் உங்களுக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம். நெல் விவசாயியான எனக்கு "சோறு வேண்டாம்" என்பது உடம்புப் பேச்சு மட்டும் இல்லை, வயித்துப் பிழைப்புப் பேச்சும்தான்.

இதில் ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, "கற்கால மனுஷன் அரிசியா தின்னான்? கறியும் காயும்தானே தின்னான், அதுதான் நம்ம உடம்புக்கு ஏத்தது" என்கிறது. இன்னொரு கட்சி, "தமிழன் ஆயிரம் ஆயிரம் வருஷமா மூணு வேளையும் சோறு தின்னவன், அவனுக்கு எதுக்கு இந்த வெள்ளைக்காரன் பத்தியம்" என்கிறது. ரெண்டு பேருமே வரலாற்றைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சாட்சி எங்க காஞ்சிபுரம் சீமையிலேயே இருக்கு. அது என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

1863: பல்லாவரமும் லண்டனும்

பேலியோ என்றால் பழைய கற்காலம். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததே முதலில் தெரிய வந்தது எங்க பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற நிலவியல் துறை அதிகாரி, இன்றைக்குச் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் அவரும் வில்லியம் கிங் என்பவரும் பூண்டிக்குப் பக்கம், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அதிரம்பாக்கத்தில் நிறைய கருவிகளைக் கண்டார்கள். பிறகு சாந்தி பப்பு என்கிற தொல்லியலாளரும் அவர் கூட்டாளிகளும் அங்கே பல வருஷம் தோண்டி, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே கிடைத்த பழைய கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வரை வயசு சொல்கிறார்கள்.

ஆக, கற்கால மனுஷனைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கல் கோடாலி கிடைத்ததே தவிர, சமையல் குறிப்பு எதுவும் கிடைக்கலை. அந்த மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை கறி, எத்தனை கிழங்கு தின்னான் என்று கணக்கு எழுதி வைக்கலை. மண்ணைத் தோண்டினால் கிழங்கு, மரத்தை உலுக்கினால் பழம், அடை கிடைத்தால் தேன். கிடைத்ததைத் தின்றிருப்பான். இது மட்டும்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

அதே 1863-ல் லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. எழுதியவர் வில்லியம் பான்டிங். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்வது அவர் தொழில், அரச குடும்பத்துக்கே செய்தவர். அறுபது வயசு தாண்டி, ஏறக்குறைய 92 கிலோ எடை. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியலை, காதும் சரியாகக் கேட்கலை. காதுக்குப் போன இடத்தில் வில்லியம் ஹார்வி என்கிற டாக்டர் காதை விட்டுட்டு சாப்பாட்டைப் பார்த்தார். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்து, கறி மீன் காய்கறி சாப்பிடு என்றார். ஒரு வருஷத்தில் 20 கிலோ குறைந்தது. பான்டிங் அதைப் புத்தகமாகப் போட, அது சக்கைப்போடு போட்டது. மாவுச்சத்தைக் குறைக்கிற பத்தியத்துக்கு முதல் விளம்பரம் அதுதான்.

அதற்கும் முன்னால் 1797-லேயே ஜான் ரோலோ என்கிற ராணுவ டாக்டர், சர்க்கரை நோய்க்காரர் ஒருவருக்கு தானியத்தை நிறுத்தி கறியும் கொழுப்பும் கொடுத்து வைத்தியம் பார்த்து எழுதியிருக்கிறார். 1921-22-ல் இன்சுலின் வரும் வரைக்கும் சர்க்கரை நோய்க்கு மேல்நாட்டில் சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் பெரிய வைத்தியம். நம்ம பக்கத்தில் சரக சம்ஹிதையும் இந்த நோய் வரும் வழியைச் சொல்கிறது: சுகமாக உட்கார்ந்தே இருப்பது, தூக்கம், தயிர், புது அரிசி, வெல்லம். உட்கார்ந்தே இருப்பது என்பதை மட்டும் மனசில் வச்சுக்குங்க, தறிக்காரர் கதை வரும்போது தேவைப்படும்.

பேலியோ என்ற பேர் பின்னால் வந்தது. 1975-ல் வால்டர் வோட்லின் என்ற அமெரிக்க வயித்து டாக்டர் கற்கால உணவு என்று புத்தகம் போட்டார். 1985-ல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் ரெண்டு பேரும் ஒரு பெரிய மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். 2002-ல் லோரன் கார்டெய்ன் எழுதிய புத்தகத்தால் பேலியோ டயட் என்ற பேர் உலகம் பூரா பரவியது. கார்டெய்ன் கணக்கில் தானியம், பருப்பு, பால் மூணும் கூடாது. மாட்டைப் பழக்கினதே விவசாயக் காலத்தில்தானே என்பது அவர் வாதம்.

தமிழில் இதைக் கொண்டு வந்து சேர்த்தவர் நியாண்டர் செல்வன். ஃபேஸ்புக்கில் ஆரோக்கியம் & நல்வாழ்வு குழு, அப்புறம் பேலியோ டயட் என்கிற புத்தகம். அவர் ஒரு காரியம் செய்தார்: நம்ம ஊர்க்காரங்களுக்காக நெய், வெண்ணெய், தயிர், பன்னீர் எல்லாத்தையும் உள்ளே சேர்த்துக்கிட்டார். இல்லாவிட்டால் சைவக்காரர் என்னதான் தின்பார்? அங்கேயே கற்காலம் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டது. அதில் எனக்குக் குறை இல்லை. சாப்பாடு எப்போதும் இருக்கிற ஊருக்குத் தகுந்த மாதிரி வளையும்.

காஞ்சிக்குப் போகும் வழியில் என்ன சாப்பாடு?

இப்போது ரெண்டாவது கட்சிக்கு வருவோம். தமிழன் என்றைக்கும் சோறுதானா?

அரிசி நமக்குப் பழசு என்பதில் சந்தேகமே வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு ஏறக்குறைய 3200 வருஷம் வயசு என்று 2021-ல் அரசு அறிவித்தது. ஆனால் எங்களுக்கு மேற்கே திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் தோண்டினபோது புதிய கற்கால மண்ணில் கிடைத்தது கேழ்வரகும் கொள்ளும். ஆத்தங்கரையில் நெல், மேட்டில் கேழ்வரகு. நிலம் எப்படியோ தட்டும் அப்படி.

இதை அப்படியே கண் முன்னால் காட்டுகிற பழைய நூல் ஒன்று இருக்கு, அதுவும் எங்க ஊர் ராஜாவைப் பற்றியது. பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழி சொல்லுகிற பாட்டு. வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் வரிசையாகச் சொல்லிக்கிட்டே போகிறார். பாலை நிலத்து எயினப் பெண்கள் எறும்புப் புற்றைக் கிளறி எடுத்த புல்லரிசியோடு உப்புக்கண்டம் கொடுக்கிறார்கள். இன்னொரு இடத்தில் உடும்புக் கறி. ஆடு மாடு மேய்ப்பவர் வீட்டில் தினைச்சோறும் பாலும். காட்டுப் பக்கத்து உழவர் வீட்டில் வரகுச்சோறும் அவரையும். வயல் பக்கத்து உழவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் வெள்ளை நெல்லுச் சோறு, கூடவே கோழிக் கறி. வலைஞர் வீட்டில் மீன். அந்தணர் வீட்டில் சோற்றோடு மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுச் சமைத்தது.

காஞ்சிக்குப் போகிற ஒரே வழியில் இத்தனை தட்டு. எல்லாத் தட்டிலும் ஏதோ ஒரு தானியம் இருக்கு. எந்தத் தட்டிலும் தானியம் தனியாக இல்லை, பக்கத்தில் கறியோ பாலோ மீனோ பயறோ இருக்கு. எனக்கு இதைப் படித்தபோது இந்தப் பக்கத்தில் இருக்கிறதுதான் முக்கியமாகப் பட்டது.

இளந்திரையன் பேர் இன்னும் எங்க பக்கத்தில் இருக்கு. வாலாஜாபாத் பக்கம் இருக்கும் தென்னேரி, திரையன் ஏரி என்ற பேர் மருவி வந்தது என்பார்கள். எங்க சீமையே ஏரிச் சீமைதான். பாலாறு மணல் ஆறு, நிலைச்ச தண்ணி கிடையாது. மழைத் தண்ணியை ஏரியில் பிடித்து, மதகு வழியாக விட்டுத்தான் நெல். ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் புஞ்சை. நஞ்சையில் சொர்ணவாரி, சம்பா, நவரை. புஞ்சையில் கேழ்வரகு, கம்பு, சாமை, எள், வேர்க்கடலை, கொள்ளு, காராமணி.

நெல் விளைந்தது என்பதால் எல்லாரும் நெல் தின்றார்கள் என்று அர்த்தம் இல்லை. நெல்லு வரியாகப் போச்சு, கோயிலுக்குப் போச்சு, குத்தகையாக நிலக்காரர் வீட்டுக்குப் போச்சு. நட்டவர், அறுத்தவர் வீட்டில் கூழ். எங்க பாட்டி கடைசி வரைக்கும் "நெல்லுச்சோறு" என்றுதான் சொல்லும். "இன்னிக்கு அவங்க வீட்ல நெல்லுச்சோறு" என்று சொன்னால் ஏதோ விசேஷம் என்று அர்த்தம். அந்த வார்த்தையை யோசித்துப் பாருங்க. சோறு என்றாலே அரிசி என்றால், நெல்லு என்று தனியாக ஏன் சொல்லணும்? கம்பஞ்சோறு, வரகுச்சோறு, சாமைச்சோறு எல்லாம் இருந்ததால்தான் நெல்லுச்சோறு என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. அந்த மத்த சோறெல்லாம் போன பிறகு நெல்லு என்ற முன்பாதியும் உதிர்ந்து போச்சு.

ஒண்ணு மட்டும் தெளிவாகச் சொல்லிடறேன். சிறுதானியம் என்றால் மாவுச்சத்துக் குறைவு என்று நிறைய பேர் நினைக்கிறீங்க. அப்படி இல்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு எதை எடுத்தாலும் நூறு கிராம் தானியத்தில் ஏறக்குறைய 60 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். எங்க பாட்டி காலத்துச் சாப்பாடு பேலியோ இல்லை. ஆனால் அந்தக் கூழுக்குப் பக்கத்தில் வேற நிறைய இருந்தது.

வயலே காய்கறிக் கடை

நான் சின்னப் பையனாக இருந்தபோது வயலில் நெல்லு மட்டும் இல்லை. வரப்பு ஓரம் வளையில் கையை விட்டால் நண்டு. அதை உரலில் இடித்து, மிளகு பூண்டு போட்டு ரசம் வைத்தால் சளி பறந்து போகும். நத்தை உண்டு. ஏரி வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும்: கெளுத்தி, கெண்டை, விரால். கூடை கூடையாகப் பிடித்து, தின்றது போக மிச்சத்தைக் கருவாடு போடுவார்கள். முதல் மழைக்கு ஈசல் பிடித்து வறுத்துத் தின்போம். களை எடுக்கப் போன பெண்கள் மடி நிறைய கீரையோடு வருவார்கள்: பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி. வேலியில் முடக்கத்தான், பிரண்டை. கொல்லையில் முருங்கை, நாலு கோழி, ஒரு மாடு.

ஏழை வீட்டுக்கு இதெல்லாம் காசு கொடுக்காமல் கிடைத்தது. பட்டினி இல்லை என்று நான் சொல்லலை, ஆடி மாசப் பட்டினியை எங்க அப்பா சொல்லக் கேட்டிருக்கேன். ஆனால் கிடைத்த நாளில் தட்டில் பல தினுசு கிடைத்தது.

இன்றைக்கு நண்டு வளை அபூர்வம். பூச்சி மருந்து அடிக்க அடிக்க நண்டும் நத்தையும் போச்சு. களைக்கொல்லி வந்து கீரையைக் களை என்று சொல்லிக் கொன்னுடுச்சு. மாடு குறைந்தது, கறந்த பாலும் கேனில் ஊற்றி வெளியே போகுது. ஏரி மீன் ஏலத்துக்குப் போச்சு. சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தது ஒவ்வொன்றாக எழுந்து போக, சோறு மட்டும் தட்டில் பெருகிக்கிட்டே வந்தது.

குன்னூர் எலிகள்

இந்த விஷயத்தை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் கண்டுபிடித்துச் சொன்னார், அதுவும் நம்ம நீலகிரியில் உட்கார்ந்துக்கிட்டு. ராபர்ட் மெக்காரிசன் என்கிற டாக்டர் குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவில் ஒவ்வொரு பகுதி ஜனமும் சாப்பிடுகிற சாப்பாட்டை எலிகளுக்குப் பிரித்துக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ன எலி நல்லா கொழுகொழுவென்று வளர்ந்தது. கடைசியில் நின்றது மெட்ராஸ் சாப்பாடு தின்ன எலி. தீட்டின அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், புளி, மிளகாய்.

இங்கே கவனிக்க வேண்டியது, சீக்கியர் சாப்பாட்டிலும் தானியம் இருந்தது, தவிடு நீக்காத கோதுமை ரொட்டி. ஆனால் கூடவே பால், நெய், பருப்பு, பச்சைக் காய், எப்போதாவது கறி. எலி ஜெயித்ததும் தோற்றதும் பக்கத்தில் இருந்ததை வச்சுத்தான்.

அரிசியும் அதற்குள் மாறிக்கிட்டிருந்தது. உரலில் உலக்கையால் குத்தின அரிசியில் தவிடு ஒட்டியிருக்கும். மில் வந்து அதைப் பளபளவென்று தீட்டி எடுத்துடுச்சு. தவிட்டோடு பி1 சத்தும் போச்சு. மெட்ராஸ் மாகாணத்தின் வடக்குப் பக்கம், இப்போதைய ஆந்திரக் கடற்கரையில், தீட்டின பச்சரிசி தின்ற ஜனங்களுக்கு பெரிபெரி நோய் இருந்தது. நம்ம பக்கம் புழுங்கல் அரிசி தின்றது பெரிய காப்பு, ஏனென்றால் நெல்லை அவிக்கும்போதே சத்து கொஞ்சம் உள்ளே இறங்கிடுது. மெக்காரிசனுக்குப் பிறகு குன்னூர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக வந்த அய்க்ராய்ட் இதையெல்லாம் ஆராய்ந்து எழுதினார். அந்த நிலையம்தான் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய் இப்போது தேசிய உணவூட்ட நிறுவனமாக இருக்கு.

காந்தியும் நம்ம தமிழ்நாட்டு ஜே.சி. குமரப்பாவும் 1934-ல் தொடங்கின கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பாடுபட்டது. குத்துகிற பெண்ணுக்குக் கூலி, தின்கிறவனுக்குத் தவிடு என்பது கணக்கு. மில் சத்தத்தில் அது காதில் விழலை. பெண்களைக் குறை சொல்ல முடியாது. விடியக்காலை எழுந்து உலக்கை பிடித்தவங்களுக்குத்தான் அந்த மில்லின் அருமை தெரியும்.

பஞ்சம் தீர்ந்த கதை

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். ரெண்டாம் உலகப் போர்க் காலத்து ரேஷன், 1952-ல் ராஜாஜி எடுத்த அரிசிக் கட்டுப்பாடு, அறுபதுகளின் நடுவில் மறுபடி அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூணு படி அரிசி என்ற பேச்சு எப்படி எடுபட்டது என்றால், ஜனம் அரிசிக்கு அவ்வளவு ஏங்கிக் கிடந்தது. ரூபாய்க்கு ஒரு படி என்று அண்ணா அரசு சென்னையிலும் கோவையிலும் கொடுத்தது.

அதே நேரம் ஐ.ஆர்.8 வந்தது. பிலிப்பைன்சில் 1966-ல் வெளியிட்ட குட்டை நெல். யூரியா போட்டாலும் சாயாது, விளைச்சல் ரெட்டிப்பு. எங்க அப்பா முதல் போகம் அறுத்துட்டு மூட்டையை ரெண்டு தரம் எண்ணினாராம். 1986-ல் வெள்ளைப் பொன்னி, அதே சமயம் ஆந்திராவிலிருந்து பாபட்லா நெல். சன்னமான வெள்ளை அரிசி எல்லா வீட்டுக்கும் ஆச்சு. ரேஷனில் 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து அட்டைக்கு 20 கிலோ வரை இலவசம்.

இதை யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். பசி தீர்ந்ததை, அந்தப் பசியைப் பார்த்தவன் கேலி பேச மாட்டான். நெல்லுச்சோறு ஏழைக்கும் தினப்படி ஆனது நம்ம காலத்துப் பெரிய சாதனை. ஆனால் அந்தச் சாதனை அரிசியோடு நின்னு போச்சு. முட்டையும் பாலும் காயும் அதே வேகத்தில் ஏழைத் தட்டுக்கு வரலை.

விளைவு என்ன? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்கிறது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி, இந்தியர் சாப்பாட்டில் கிடைக்கிற சக்தியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருது என்கிறது. குன்னூர் எலிக்குச் சத்துக் குறைவு. நமக்குச் சர்க்கரை. நோய் மாறிடுச்சு, தட்டு அதே தட்டுதான்.

எங்க அண்ணன் தட்டு

எங்க அண்ணன் தறிக்காரர். நாப்பது வருஷமாகக் குழித்தறியில் கோர்வைப் பட்டு நெய்கிறார். காலையில் பள்ளத்தில் காலை விட்டால் மத்தியானம் சோத்துக்குத்தான் எழுந்திருப்பார். கையும் காலும் ஆடும், உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சரகர் சொன்ன அந்த உட்கார்ந்தே இருப்பது இதுதான். காலையில் நாலு இட்லி, நடுவில் மூணு டீ, மத்தியானம் குவித்து வச்ச சோறு, ராத்திரி மிச்சச் சோறு. சர்க்கரை வந்தது. டாக்டர் சோறைக் குறைக்கச் சொன்னார். அண்ணி ஊருக்கெல்லாம் சமைத்தவர், "சோறு இல்லாம என்னத்த ஆக்குறது தம்பி?" என்று என் கிட்ட கேட்டார்.

அண்ணன் பையன் போனில் பேலியோ பட்டியலைக் காட்டினான். காலையில் நூறு கிராம் பாதாம், மத்தியானம் காலிஃபிளவரைத் துருவி சோறு மாதிரி, ராத்திரி நெய்யில் நாலு முட்டை. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பாதாம் கலிஃபோர்னியாவிலிருந்து வருது. காலிஃபிளவர் இந்தியாவுக்கு வந்ததே 1822-ல், சகாரன்பூர் அரசுத் தோட்டத்துக்கு. எந்தக் கற்காலத்தில் இதையெல்லாம் தின்றார்கள்?

ஆனால் பட்டியலின் யோசனை தப்பில்லை. அதனால் அண்ணி அதை எங்க ஊர் வழிக்குத் திருப்பினார். வேற ஒண்ணும் பெரிசா செய்யலை, தட்டைத் தலைகீழாக்கினார். முன்னே சோறு மலை, ஓரத்தில் பொரியல். இப்போது பொரியலும் கூட்டும் நடுவில், குழம்பு கிண்ணத்தில், சோறு ஒரு கை. பாதாமுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை. வேர்க்கடலை பயறு ஜாதி, பேலியோவில் கூடாது என்று பையன் சொன்னான். எங்க மண்ணில் விளையுதுடா என்று அண்ணி சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முருங்கைக்கீரையை வதக்கி ரெண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் ஒரு வேளைச் சாப்பாடு. புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் எதுவானாலும் பருப்பைக் குறைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டுக் கூட்டு. வாழைத்தண்டு மோர்ப் பச்சடி. கெளுத்தி மீன் குழம்பை சோறு இல்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறார், அதற்காகவே புளியையும் காரத்தையும் பாதியாக்கி, தேங்காய்ப் பால் சேர்த்தோம். சோற்றில் பிசையத்தான் நம்ம குழம்பெல்லாம் அத்தனை உப்பு புளி காரம். சோறு குறையும்போது குழம்பின் கை அளவும் மாறணும். பேலியோ ஆரம்பிக்கிற வீட்டில் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அண்ணியின் பெரிய கண்டுபிடிப்பு ஒண்ணு சொல்றேன். காஞ்சி வரதர் கோயிலின் குடலை இட்லி உங்களுக்குத் தெரியும். பச்சரிசி உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு அவிப்பது. அதன் உயிர் மாவில் இல்லை, தாளிப்பிலும் இலை வாசனையிலும் இருக்கு என்று அண்ணி சொல்லும். ஒரு கிண்ணம் காலிஃபிளவரைத் துருவி, லேசாக வதக்கி, ஆறவிட்டுப் பிழிந்து எடுத்துக்கணும். நாலு முட்டையை நல்லா அடித்து அதில் சேர்த்து, ரெண்டு ஸ்பூன் கெட்டித் தயிர், ரெண்டு ஸ்பூன் தேங்காய்த்துருவல், உப்பு. நெய்யில் உடைத்த மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கால் ஸ்பூன் சுக்குப்பொடியோடு கலக்கணும். டம்ளரில் மந்தாரை இலையோ வாழை இலையோ சுருட்டி வைத்து, முக்கால் பாகம் ஊற்றி, மிதமான தீயில் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம் அவிக்கணும். கோயில் இட்லி இல்லை இது, அந்தப் பேரை வைக்கவும் மாட்டோம். ஆனால் கண்ணை மூடிக்கிட்டுத் தின்றால் மிளகும் நெய்யும் இலை மணமும் காஞ்சிபுரம்தான்.

அண்ணனுக்கு மாத்திரை ரெண்டிலிருந்து ஒண்ணாச்சு. குறைத்தது டாக்டர், அண்ணன் இல்லை. இதை அழுத்திச் சொல்றேன். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிறவங்க திடீர்னு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் போட்டு விழ வாய்ப்பு இருக்கு. சிறுநீரகக் கோளாறு இருப்பவங்க கறி முட்டையைக் கூட்டுவதும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுட்டுத்தான் எதையும் தொடங்கணும்.

நெல்லுக்காரன் என்ன செய்வது?

என்னிடம் கிச்சிலிச் சம்பா வாங்கும் சென்னை வீடுகளில் நாலு வீடு இந்த வருஷம் அரிசி வேண்டாம் என்று சொன்னது. ரெண்டரை ஏக்கர் வச்சிருப்பவனுக்கு நாலு வீடு சின்ன விஷயம் இல்லை. ஆனால் அண்ணன் தட்டைப் பார்த்த பிறகு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று யாரையும் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரலை. நவரைக்கு அரை ஏக்கரில் நெல் போடாமல் பந்தல் போட்டு புடலையும் பீர்க்கனும் ஏத்தியிருக்கேன். வேலி பூரா முருங்கை. இருபது நாட்டுக்கோழி. அந்த அரை ஏக்கரில் களைக்கொல்லி அடிக்கிறதில்லை, பண்ணைக்கீரை தானாகவே திரும்பி வந்திருக்கு.

காசு இருப்பவர் பாதாமும் பன்னீரும் வாங்கிப் பேலியோவில் இருந்துக்கலாம். ரேஷன் அரிசி இலவசம், ஒரு முட்டை ஆறேழு ரூபாய். நாலு பேர் இருக்கிற நெசவாளர் வீட்டில் ஆளுக்கு ரெண்டு முட்டை என்றால் மாசக் கணக்கு எங்கே போகும் என்று பாருங்க. எங்க தெருவில் மாவுச்சத்தைக் குறைக்கத் தடையாக இருப்பது ருசி இல்லை, விலைதான். கற்காலத்துக்குப் போகச் சொல்லி யாரும் எங்களுக்கு வழி காட்ட வேண்டாம். ஐம்பது வருஷம் பின்னால் போய், சோற்றுக்குப் பக்கத்தில் இருந்த மீனையும் கீரையையும் நண்டையும் பாலையும் திரும்பக் கொண்டு வந்தால் போதும்.

சென்னையில் இருக்கிற நீங்கள் சோற்றைக் குறைத்தால் குறைத்துக்கோங்க. அந்த இடத்தில் எதை வைக்கிறீங்க என்பதை மட்டும் பக்கத்து ஊர் விவசாயியையும் நினைத்து முடிவு பண்ணுங்க. மீதி ஒரு கைச் சோறு, அது நல்ல அரிசியாக, அதிகம் தீட்டாத புழுங்கலாக இருக்கட்டும். பழையபடி அதை நெல்லுச்சோறு என்று முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் தப்பில்லை.

மந்தாரை இலை எங்கே கிடைக்கும், எப்படிக் காய வைத்துத் தைப்பது என்று அடுத்த பதிவில் எழுதறேன்.